சீமாட்டிக்குக் கட்டிய சாரம்

எங்கள் வீட்டுக்காரர் சாரம் கட்டுகிறவர். கட்டடத்துக்குப் பூச்சு வேலையும் வண்ண வேலையும் நடக்கும்போது, ஆட்கள் நின்று வேலை செய்வதற்காகச் சுவரை ஒட்டிக் கம்பமும் பலகையுமாக எழுப்புவார்களே, அதுதான் சாரம். வேலை முடிந்ததும் பெயர் எஞ்சினியருக்குப் போகும். இவர் தான் கட்டியதைத் தானே அவிழ்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அவர் பீற்றிக்கொள்வதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான். அவர் கட்டிய சாரத்திலிருந்து இதுவரை ஓர் ஆள்கூடக் கீழே விழுந்ததில்லை. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் சிலிண்டர் போட வருகிறவரிடமும் இதையே சொல்ல ஆரம்பித்ததும் நான் உள்ளே எழுந்து போய்விடுவேன்.

வீட்டிலும் அதே கைதான். துணி உலர்த்தும் கொடியை அவர் கட்டினால் சுவர் பெயர்ந்தாலும் பெயரும், கட்டு நெகிழாது. என் தம்பி கல்யாணத்துக்குப் போனபோது பெட்டிக்கு மேல் ஒரு கயிற்றைப் போட்டு இறுக்கிவிட்டு, இவர் எங்கோ நண்பரைப் பார்க்கப் போய்விட்டார். கட்டை அவிழ்க்க ஒருவராலும் முடியவில்லை. பயணத்தில் கசங்கிய சேலையோடு நான் படத்தில் நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

எங்களுக்கு ஒரே பெண். மற்ற பெண்கள் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் நகை எடுப்பார்கள். இவள் ஒரு பச்சோந்தியை வாங்கி வந்தாள். ஊரில் நிறம் மாறுகிற மனிதர்கள் போதாதா, வீட்டுக்குள் வேறு ஒன்று வேண்டுமா என்று கேட்டேன். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தார்கள். அது பெண் பச்சோந்தியாம். ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலைத் தூக்குவதற்குள் நான் ஒரு படி அரிசி களைந்துவிடுவேன். அப்படி ஒரு நடை. அதனால் அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தாள். ஒரு கண்ணால் பூச்சியையும் மறு கண்ணால் என்னையும் பார்க்கும். என் மாமியாருக்குப் பிறகு என்னை அப்படிப் பார்த்தது அது ஒன்றுதான்.

அதன் கூண்டு என் தோள் உயரம் இருக்கும். அலுமினியச் சட்டம், நான்கு பக்கமும் மேலேயும் மெல்லிய வலை. காற்று புகுந்து வெளியேற வேண்டுமாம், அதனால் கண்ணாடி ஆகாதாம். உள்ளே காய்ந்த கிளைகள், பிளாஸ்டிக் கொடி, ஒரு செடித்தொட்டி, மேலே ஒரு சூட்டு விளக்கு. கிளைகளை அவள் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக்கால் வலையிலேயே கோத்துவிட்டிருந்தாள். கனம் தாங்காமல் வலை தொந்தி போட்டுவிட்டது. ஒரு மூலையில் கிளை நுனி குத்திக் கிழிந்தும் இருந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் பெண்ணுக்கு இருமல் வந்தது. சாதாரணச் சளி என்று நினைத்தோம். சளி நுரையீரலுக்குப் போய், ஆஸ்பத்திரியில் தனி அறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், சாயங்காலத்தில் போனில் முகம் பார்த்துப் பேசலாம், அவ்வளவுதான். டாக்டர் எங்களிடம் சொல்லுவதை நாங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் மனசு கலங்குகிற மாதிரி எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று நர்ஸம்மா ஒரு தடவை சொன்னார். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் போனிலேயே அவள் சீமாட்டியைப் பற்றித்தான் பேசினாள். எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், எத்தனை பூச்சி விட வேண்டும் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். கடைசியில், கிளைகள் ஆடுகின்றன, வலை கிழிகிறது, அதைச் சரி செய்வதற்குள் படுத்துவிட்டேன் என்றாள்.

"அதை என்கிட்ட விடு பாப்பா. அது என் வேலை" என்றார் இவர்.

பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து அவர் செய்வதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை. மருந்து கொடுக்க நர்ஸ் இருந்தார். சோறு ஆஸ்பத்திரியே போட்டது. கண்ணாடி வழியாகக் கையை ஆட்டுவதைத் தவிர வேறு எதற்கும் அவர் கை தேவைப்படவில்லை. இப்போது ஒரு வேலை கிடைத்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செய்த வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முதலில் வலையிலிருந்த டேக்குகளை எல்லாம் வெட்டி எறிந்தார். வலை பார்ப்பதற்குத்தான், சுமப்பதற்கு இல்லை என்றார். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நிமிர்ந்த மரச் சட்டங்களை நிறுத்தி, அலுமினியத்தோடு சேர்த்துத் திருகினார். அவற்றுக்குக் குறுக்கே கம்புகளைக் கட்டி, கிளைகளை அந்தக் கம்புகளில் நிறுத்தினார். கிளையின் பாரம் ஓர் இடத்தில்கூட வலைமேல் விழவில்லை. கயிற்றின் நுனியில் கால் மாட்டிக்கொள்ளும் என்று முடிச்சுகளை எல்லாம் அடிப்பக்கம் திருப்பி வைத்தார். பிளாஸ்டிக் கொடியைக் கைப்பிடிக் கயிறு மாதிரி ஓட்டினார். ஒவ்வொரு கிளையிலும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தார். செடித்தொட்டி சாயாமல் இருக்கக் கீழே முட்டுக் கொடுத்து, தொட்டி மண் சிதறாமல் மேலே கூழாங்கல்லை நெருக்கி அடுக்கினார். கிழிந்த வலைக்கு ஒட்டுப் போட்டது நான். என் பங்கு அவ்வளவுதான்.

சீமாட்டி மேல் கிளையில் ஏறி உட்கார்ந்தாள். அவர் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பெண் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை சீமாட்டி கூண்டின் அடித் தட்டில் கிடந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தூக்கி மேலே வைத்துவிட்டு, கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். மத்தியானம் பார்த்தால் மறுபடியும் கீழே. அடித் தட்டை முன்னங்காலால் பிராண்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து வரும்போது அவள் இறங்குவதைப் பார்த்திருந்தேன். காலை மாற்றி மாற்றி வைத்துத் தானாகத்தான் இறங்கினாள். விழவில்லை.

"ஏங்க, அது விழலைங்க. நடந்துதான் போகுது" என்றேன்.

"மேல நல்லா இருந்தா யாராவது கீழ வருவாங்களா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, சாரத்தில் நிற்கிற ஆட்களைப் பொறுத்தவரை. அவர் கணக்கில் தரையில் ஓர் ஆள் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதனால் கிளைகளுக்குத் துணி சுற்றினார், வழுக்கக் கூடாது என்று. சரிவைக் குறைத்தார். அப்போதும் அவள் இறங்கினாள். கடைசியில், உயரமான கட்டடங்களில் ஆள் விழுந்தால் பிடிப்பதற்காகக் கட்டுகிற வலையில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து, கூண்டுக்குள் அடித் தட்டுக்குச் சற்று மேலே நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார். இனி விழுந்தாலும் அடிபடாது என்றார். சீமாட்டி இறங்கி வந்து அந்த வலைமேல் நின்று, கண்ணிக்குள் காலை விட்டு விட்டு எடுத்தாள். அவளுடைய பச்சை கறுத்துக்கொண்டே வந்தது. வயிறு மட்டும் நன்றாக உருண்டு இருந்தது. நல்ல சாப்பாடு, அதனால்தான் என்று நானே சொன்னேன்.

சாயங்காலப் போனில் பெண்ணுக்குப் படம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் அவர் சீமாட்டியை எடுத்து மேல் கிளையில் வைத்துவிடுவார். அவள் மறுபடி இறங்கத் தொடங்குவதற்குள் காட்டி முடித்துவிடுவார்.

ஒரு நாள் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். ஏன் இவ்வளவு கறுத்திருக்கிறாள் என்று கேட்டாள். விளக்கு வெளிச்சம் அப்படி என்றார். அவள் சற்று யோசித்துவிட்டு, "கீழ இறங்குறாளாப்பா? அடியில நோண்டுறாளா?" என்று கேட்டாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என் வாய் அடைத்துப் போயிற்று. நம்பி ஒப்படைத்த ஒரு வேலையில் குறை கேட்கிறாள் என்றுதான் அவர் காதில் விழுந்தது. அதோடு நர்ஸம்மா சொன்ன வார்த்தை வேறு.

"இறங்கறதாவது. நான் கட்டினதாச்சே. மேல ஜம்முன்னு உக்காந்திருக்கா" என்றார்.

பெண் முகம் தெளிந்தது. அப்படியானால் இன்னும் நாள் இருக்கிறது, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எதற்கு நாள் இருக்கிறது என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் சீமாட்டி இறங்குவதை நிறுத்திவிட்டாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, இப்ப நிக்குது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் நடுக்கிளையில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். பகல் நேரத்தில் கண் மூடியிருந்தது. பூச்சி அவள் மூக்குக்கு முன்னால் போயிற்று, அவள் திரும்பவில்லை. நான் வற்புறுத்தித்தான் அட்டைப் பெட்டியில் துணி விரித்து அவளைக் கால்நடை டாக்டரிடம் எடுத்துப் போனோம்.

அங்கே நாய்களும் பூனைகளும் வரிசையில் உட்கார்ந்திருந்தன. எங்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த ஓர் அம்மாள் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர். சீமாட்டியின் வயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். உள்ளே நிறைய முட்டை இருக்கிறது, போட முடியாமல் தங்கிவிட்டது என்றார். ஆணே இல்லாத கூண்டில் முட்டையா என்று நான் கேட்டேன். கோழி போடுவதில்லையா, அது மாதிரிதான் என்றார்.

"இது மண்ணைத் தோண்டித்தான் முட்டை போடும். அதுக்காகவே கீழ இறங்கி வரும். இறங்கலையா?"

"இறங்குச்சு" என்றார் இவர்.

"கீழ மண்ணு இருந்துச்சா?"

"வலை கட்டியிருந்தேன்."

"எதுக்கு?"

"விழுந்துடக் கூடாதுன்னு."

டாக்டர் திரும்பி ஊசி மருந்தைத் தேடினார். அவர் திட்டியிருந்தால்கூட இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரொம்பத் தளர்ந்துவிட்டது, அறுத்தால் தாங்காது, ஊசி போடுகிறேன், ஒரு வாளியில் ஈர மணலைப் போட்டு அதில் விடுங்கள், பிழைக்கும் என்று நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார். பக்கத்தில் நின்று பார்க்கவும் கூடாதாம், ஆள் இருந்தால் தோண்டாதாம். வேறு என்ன செய்யட்டும் என்று இவர் கேட்டார். மறுபடியும் கேட்டார். நீங்கள் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நாயைக் கூப்பிட்டார்.

வேலை நடக்கிற கட்டடத்துக்கு ஓடி ஒரு வாளி மணல் கொண்டு வந்தார். கூண்டுக்குள் கட்டியிருந்த வலையைக் கத்தியால் அறுத்து எடுத்தார். சீமாட்டியை மணலில் விட்டு, கூண்டின்மேல் போர்வையைப் போர்த்திக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் சீமாட்டி வாளிக்குள் கிடந்தாள். முன்னங்கால் இரண்டுக்கும் அடியில், உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு பள்ளம். அவ்வளவுதான் தோண்ட முடிந்திருக்கிறது.

இப்போது பெண்ணிடம் சொல்ல வேண்டாம், அவள் வீட்டுக்கு வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சினேன். நாளைக்குப் படம் காட்டு என்றால் எதைத் தூக்கி மேலே வைப்பது என்று கேட்டார்.

சாயங்காலம் பெண் கூப்பிட்டதும், நலம்கூட விசாரிக்காமல் சொல்லிவிட்டார். முட்டை, மணல், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை.

"அன்னைக்கு நீ கேட்டப்பவும் அவ கீழதான் இறங்கிட்டிருந்தா பாப்பா. நான்தான் தூக்கி மேல வச்சுக் காட்டினேன்."

அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. இருமல் வந்து அடங்கும்வரை நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னைப் பத்தி டாக்டர் நல்லபடியா சொல்றாருன்னு தினமும் சொல்றீங்களே. அதுவும் இப்படித்தானாப்பா?"

அது பொய்யில்லை. நுரையீரலில் இருந்த நிழல் குறைந்து வருகிறது என்று அன்று காலையில்தான் டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அதை அப்படியே சொன்னார். உன்மேல் ஆணை என்றார். போனை என் கையில் திணித்து, "நீயாவது சொல்லு" என்றார். நானும் சொன்னேன். டாக்டர் எந்த இடத்தில் நின்று சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"சரிம்மா. சரி, சரி" என்றாள் அவள். சின்ன வயசில் அவள் அழும்போது தேற்றுவதற்காக நான் சொன்ன அதே 'சரி'. நம்பவில்லை. அவள் போனை வைத்த பிறகும் அவர், "நிஜமாத்தான் சொன்னாரு, நிஜமாத்தான் சொன்னாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.