ஏரி என்று எழுதியிருந்தது

சவ்ரிநிசோ கணினியை யாரிடமும் கற்கவில்லை. இருபது வருஷம் குச்சி நட்டு ஆற்றை அளந்தவள். மேலே பனி ஏரிக்கரையில் தண்ணீரைக் கண்காணிக்கும் மிஷின் வைத்தவர்கள், அதோடு பேச இங்கே ஆற்றளவு நிலையத்தில் ஒரு கறுப்புத் திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படமில்லை, பொத்தானில்லை. ஒரே ஒரு வரி; அதன் முனையில் துடிக்கும் சிறு கோடு. அந்த வரி பிடிபட அவளுக்கு ஒரு குளிர்காலம் ஆனது. யார் பேசுவது, எந்தக் கணினியில் நிற்கிறாய் என்று காட்டிவிட்டு, சொன்னதைச் செய்யக் காத்திருக்கிறது; அவ்வளவுதான். இங்கே இருந்தால் ‘சவ்ரி, நிலையம்’. மேலே உள்ள மிஷினுக்குள் போய்விட்டால் ‘சவ்ரி, ஏரி’. ‘வரியைப் படி, பிறகு தட்டு’ என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் அவள்தான்.

ஏப்ரல் கடைசி. தினமும் காலை ஒன்பதுக்கு மின்சாரம் போய்விடும். அதற்குள் நிலையத்துக் கணினியை முறையாக அணைக்காவிட்டால் பழுதாகும். இரண்டு நிமிஷம் இருக்கையில், அணைக்கும் கட்டளையை அவசரமாகத் தட்டினாள். திரை அணையவில்லை. வரி மட்டும் மாறியது: சவ்ரி, நிலையம்.

அதற்கு முந்தைய வரியை அப்போதுதான் படித்தாள். சவ்ரி, ஏரி.

அணைந்தது ஏரிக்கரை மிஷின். அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலில்லை. இனி யாராவது ஏறிப்போய்க் கையால் பொத்தானை அமுக்கினால்தான் அது விழிக்கும். ஒன்பதானது, திரையும் இருண்டது.

ஏரி உடைந்தால் அந்த மிஷின்தான் கீழே சர்கோரா ஊரில் அபாயச் சங்கை ஊதவைக்கும். ஊர் மேடேற நாற்பது நிமிஷம் கிடைக்கும். அங்கே ஆற்றை ஒட்டி அவளுடைய அக்கா, படுத்த படுக்கையான கணவரோடு இருக்கிறாள்.

மிஷினை மேலே சுமந்துபோன தவ்லத்யோருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

“உன் வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னா ஊர் விளக்கையே அணைச்சிருக்கியே, தங்கச்சி,” என்று சிரித்தான். அவள் சிரிக்காததைக் கேட்டுக் குரல் தாழ்ந்தது. “பனி இளகிக் கிடக்கு. ஆடுகூட அங்க கால் வைக்காது. மூணு வாரம் ஆவும்.”

“ஏரி மூணு வாரம் பொறுக்குமா அண்ணே?”

அவள் போனை வைத்தாள்.

சொல்லாமல் இருந்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. அவள் பழைய அளவுக்குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு சர்கோராவுக்கு இறங்கினாள். பாலத்தருகே ஊர்த்தலைவர் கமோலிதீன் நின்றிருந்தார்.

“மிஷின் என்னம்மா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லாது. நான் அணைச்சுட்டேன். ஆத்தோரத்து வீடுங்கள இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க. முதல்ல எங்கக்கா வீட்டுக்கு நாலு ஆளா அனுப்புங்க, அத்தானைத் தூக்கணும்.”

அவர் திட்டவில்லை. ஆற்றைப் பார்த்தார், பிறகு வீடுகளை நோக்கி ஓடினார்.

சவ்ரிநிசோ குச்சியைப் பாலத்தூணில் கட்டி, தண்ணீர் தொட்ட இடத்தில் கரியால் கோடு போட்டாள். அத்தானைச் சுமந்த கட்டில் தெருமுனைக்கு வருமுன்பே அந்தக் கோடு ஏறிய தண்ணீரில் மூழ்கிவிட்டது.