டயருக்குச் சட்டை போட்டவர்

அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே, டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு குளிர்காலம் கழிக்க வருகிறவர்களில் ஆரின் ஸ்டக்கியிடம் திட்டு வாங்காதவர் ஒருவரும் கிடையாது. நவம்பரில் ஒரு வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு உள்ளே நுழையும்போதே அவர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். சக்கரத்தைத்தான் பார்ப்பார். பிறகு குனிந்து டயரின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"கட்டிலுக்கு அடியில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே. வணக்கம், எம்பேரு..."

"பேரு அப்புறம். கல்லா, புத்தகமா?"

பாதி நேரம் கல்லாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குப் பளபளப்பாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வியாதி உண்டு.

இந்தியானாவில் டிரெய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் சக்கரங்களை இணைக்கும் இரும்பு அச்சு மாட்டியவர் ஆரின். புது அச்சு நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், பாரம் ஏறியதும் நேராகும் என்பார். அளவுக்கு மீறி ஏற்றினால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். அப்போது சக்கரங்களின் தலை உள்ளே சாயும், கால் வெளியே விரியும், வண்டி பொதி தாங்காத கழுதையைப் போல நிற்கும். "அப்புறம் பாரத்தை இறக்கி என்ன பிரயோஜனம்? வளைஞ்ச இரும்பு நிமிராது. மன்னிப்புக் கேட்டாலும் நிமிராது" என்று முடிப்பார்.

அவரிடம் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் தட்டைத் தராசுகள் இருந்தன. ஊர் திரும்புமுன் எல்லோரும் அதில் வண்டியை ஏற்றியாக வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் அச்சடித்திருக்கும் உச்ச எடையைத் தாண்டி எத்தனை பவுண்டு இருக்கிறதோ, அதைக் கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிடுவார். சாமானை இறக்கும்வரை அந்த எண்ணை அழிக்கக் கூடாது. காலையில் காபிக் கோப்பையோடு நடக்கிற நாற்பது குடும்பமும் அதைப் படித்துவிட்டுத்தான் போகும். வெட்கத்துக்கு அஞ்சியே மனிதர்கள் இரும்புச் சட்டிகளையும் உடற்பயிற்சிக் குண்டுகளையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஊரில் தர்மத்துக்கு நடக்கும் பழைய சாமான் கடையில் அவற்றைச் சேர்ப்பது தன் பொறுப்பு என்று ஆரின் சொல்லியிருந்தார்.

இவ்வளவு கறாரான மனிதரிடம் ஒரே ஒரு விநோதம். தன் டிரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கும் அவர் வெள்ளைத் துணியில் உறை போட்டு வைத்திருந்தார். வெயிலுக்கு டயர் வெடிக்காமலிருக்க எல்லோரும் போடுவதுதான். ஆனால் மற்றவர்கள் மேகம் மூடிய நாளில் கழற்றுவார்கள், காற்றடிக்கக் கழற்றுவார்கள். ஆரின் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை.

"உன் டயருக்கு என்னய்யா அவ்வளவு வெட்கம்? சட்டையக் கழட்டாம குளிக்குமா அது?" என்பார் பக்கத்து வண்டி ரூடி பெல்கி. மிஷிகன்காரர். கிண்டல் செய்யாத நாள் அவருக்கு ஜீரணமாகாது.

"வெயிலு சாப்பிட்டுடும் ரூடி. ரப்பரப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"வெயிலா? மழை பெய்யுதுய்யா இப்ப!"

அந்தப் பிப்ரவரியில்தான் லவோன் ஹெக்ஸ்டாட் அவரிடம் வந்து ஒன்று கேட்டார். லவோன் வடக்கு டகோட்டாக்காரர். நாற்பது வருடம் திரைச்சீலை தைத்து விற்றவர். கணவர் போனபின் தனியாக டிரெய்லர் இழுக்கிறார். ஆரினின் சட்டத்தை அட்சரசுத்தமாகப் பின்பற்றிய ஒரே ஆள் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் ஆரின் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு, அன்றே தையல் மிஷினைத் தூக்கிக் கொடுத்தவர்.

"கோடைக்கு மொன்டானாவுல ஒரு ஏரிக்கரை முகாமைப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேருக்கு வேலை இருக்கு. நீங்களும் உங்க வண்டிய எடுத்துக்கிட்டு என் பின்னாடியே வர்றீங்களா?"

ஆரின் அன்றைக்கே ஊருக்குப் போய்ப் புதுத் தொப்பி வாங்கினார். ஏரிக்கரைக்குத் தொப்பி எதற்கு என்று ரூடி கேட்டபோது, அதன் விளிம்பை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் பதினைந்துக்குள் அந்த அரசு நிலத்தை எல்லோரும் காலி செய்தாக வேண்டும். மாத முதல் நாள் ஆரின் தராசுகளை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனார். லவோனின் வண்டி கடைசி. தகட்டு எடைக்கு இருபது பவுண்டு குறைவாகவே இருந்தது. ஆரினுக்குப் பெருமை தாங்கவில்லை, தானே தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி.

"சரி, இப்ப உங்க வண்டி" என்றார் லவோன்.

"என் வண்டிக்கு எதுக்கு அம்மணி? அதோட எடை எனக்குத் தெரியும்."

"எவ்வளவு?"

ஆரின் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஆயிரத்தைந்நூறு மைல் என் பின்னாடி வரப்போற வண்டி. நடுவழியில உங்க அச்சு முறிஞ்சா நான்தானே திரும்பி வரணும்? டயர் உறையக் கழட்டுங்க."

"வெயிலு..."

"கழட்டுங்க, ஆரின்."

கழற்றினார். பக்கத்தில் நின்ற ரூடி கிண்டலை மறந்து குனிந்து பார்த்தார். அதிலிருந்தே நிலைமை விளங்கும். இரண்டு சக்கரமும் தலையை உள்ளே சாய்த்து, காலை அகட்டி, கழுதையேதான். டயரின் உள்விளிம்பில் ரப்பர் போய்க் கம்பி எட்டிப் பார்த்தது. லவோன் தராசை வைத்து, தானே கூட்டி, மறுபடி கூட்டிப் பார்த்தார். அறுநூற்று நாற்பது பவுண்டு அதிகம்.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க? கல்லா, புத்தகமா?" அவர் குரலில் ஆரினின் குரலே இருந்தது.

இரண்டும் இருந்தன. கட்டிலுக்கு அடியில், மேசைக்கு அடியில், குளியல் தொட்டியில். ஏழு குளிர்காலமாக அவர் காலடியில் வைக்கப்பட்ட அத்தனை சாமானும் துணியில் சுற்றி, பெயர்ச்சீட்டு கட்டி அடுக்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் டிரெய்லரை இழுக்கும் டிரக்கில் சாமானை ஏற்றிக்கொண்டு பழைய சாமான் கடை வாசல்வரை போவார். இன்ஜினை நிறுத்துவார். கொடுத்தவரின் முகம் ஞாபகம் வரும். திரும்பி வந்துவிடுவார். எல்லாச் சீட்டிலும் பெயரும் எடையும் எழுதியவர், அவற்றை ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

லவோன் படித்துக்கொண்டே போனார். 'ரூடி, பந்து உருட்டும் ஆட்டத்தின் பந்துகள் இரண்டு, 32 பவுண்டு. சிரித்துக்கொண்டே கொடுத்தார், பிறகு வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.' கட்டில் ஓரத்தில் ஒரு மூட்டை. 'லவோன், தையல் மிஷின், 31. திரும்பிப் பார்க்காமல் போனார்.'

"மூணு வருஷமா நான் கையால தைச்சுக்கிட்டு இருக்கேன், ஆரின்."

"தெரியும் அம்மணி."

"தெரியுமா!"

அவர் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை லவோன் எடுத்தார். வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில் 640 என்று எழுதினார். திரைச்சீலைக்கு அளவு எழுதிய கை, எண்கள் ஒரே உயரத்தில் நின்றன.

"பன்னெண்டாம் தேதி காலைல ஏழு மணிக்கு நான் கிளம்புறேன். இந்த இடத்துல சைபர் இருக்கணும், சக்கரம் நேரா நிக்கணும். இல்லைன்னா தனியாப் போயிக்கறேன்."

ஆரின் அன்று மாலையே ஃபீனிக்ஸிலிருந்த அச்சுக் கடைக்குப் போன் போட்டார். வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்று, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஆமா, மூவாயிரத்தைந்நூறு பவுண்டு அச்சுதான் இருந்துச்சு. ஆனா ஐயாயிரம் தாங்குறது ஒண்ணு அனுப்புங்களேன். கொஞ்சம் சாமான் இருக்கு, அதான்..."

"அச்சு மட்டும் மாத்தினா போதுமா?" என்றது தலைக்கு மேலே ஒரு குரல். லவோன் ஆரினின் வண்டிக்கு உள்ளே நின்று ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடிச்சட்டம் அதே சட்டம், தகட்டுல எண் அதே எண். பெல்ட்ட மாத்தினா தொப்பை குறையுமான்னு போன வருஷம் பெரிய அச்சு கேட்ட அந்த ஒரேகான்காரர அழ வெச்சீங்களே, யாரு அது?"

ஆரின் போனில் தொண்டையைக் கனைத்தார். "பழைய அளவே அனுப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை முகாமில் எல்லோரும் சேர்ந்து பான்கேக் சுட்டுச் சாப்பிடுவது வழக்கம். ஆரின் நீளமேசை போட்டு மூட்டைகளைப் பிரித்து வைத்தார். அடிக்க வருவார்கள் என்றே நினைத்தார். முதலில் வந்தவர் ரூடி.

"அடப்பாவி! என் பந்து! கடையில குடுத்துட்டேன்னு சொன்னியே!"

"குடுக்கத்தான் போனேன்."

ரூடி ஒரு பந்தைத் தூக்கினார். மூன்று விரலை நுழைத்தார். கண்ணை மூடி ஒருமுறை கையை வீசிப் பார்த்தார். மேசையில் திரும்ப வைத்துவிட்டு, நெப்ராஸ்கா தம்பதி கொடுத்துப் போன அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உனக்கு வாசிக்கத் தெரியாதேய்யா!"

"அதனால என்ன? எடை எவ்வளவு?"

"இருபத்தாறு" என்றார் ஆரின்.

மற்றவர்களும் அதையே செய்தார்கள். தன் சாமானை ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை, அடுத்தவர் சாமானுக்குத்தான் கை நீண்டது. கல் வாளியைக் கொடுத்தவர் கலைக்களஞ்சியத்தில் நான்கு தொகுதிகளை அணைத்துக்கொண்டு போனார். ஒரேகான்காரர் இரும்புப் பட்டறைக்கல்லை மனைவியோடு சேர்ந்து தூக்கினார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒவ்வொன்று போகும்போதும் ஆரின் அதன் எடையை முணுமுணுத்தார். மத்தியானத்துக்குள் மேசை கிட்டத்தட்டக் காலி. நாற்பது வண்டிகளின் அச்சுகளும் முனகுவது அவர் காதில் விழுந்தது. வரும் நவம்பருக்கு வேலை நிறைய இருக்கிறது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. தையல் மிஷினை யாரும் தொடவில்லை. தொட வந்த இரண்டு பேரை ஆரின் பார்த்த பார்வையில் அவர்கள் பான்கேக் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். சாக்பீஸ் எண் 31 என்று ஆனது.

அச்சு பத்தாம் தேதி வந்தது. பதினோராம் தேதி ஆரின் ஜாக்கி ஏற்றி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். டயரும் புதிது. ரூடி துணைக்கு உட்கார்ந்து அக்கார்டியனை வாசித்தார். வேலை சீக்கிரம் முடிய அதுவும் ஒரு காரணம். சக்கரங்கள் நேராக நின்றன. உறைகளை ஆரின் தரை துடைக்கப் போட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் தேதி ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லவோன் வந்து கதவுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"இன்னும் முப்பத்தொண்ணு நிக்குது."

"அது உங்களோடது அம்மணி. கடைக்கு எடுத்துட்டுப் போக என்னால முடியாது. எண்ணைக் கள்ளத்தனமா அழிக்கவும் முடியாது."

லவோன் உள்ளே போய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் வண்டியில் ஏற்றினார். ஆரின் தன் கதவுப்பக்கம் 31ஐக் கைக்குட்டையால் துடைத்துச் சைபர் போட்டார். பிறகு சாக்பீஸும் கையுமாக லவோனின் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே இருந்த இடம் இருபது பவுண்டுதான். இப்போது பதினொன்று அதிகம். அது இருவருக்கும் தெரியும்.

"எழுதுங்க" என்றார் லவோன். "சட்டம் சட்டந்தானே?"

ஆரின் தகட்டைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். சாக்பீஸைப் பைக்குள் போட்டார்.

"உங்க தொட்டியிலேர்ந்து ரெண்டு கேலன் தண்ணிய இறக்கிட்டாப் போச்சு. பதினாறு பவுண்டு குறையும்."

"வழியில தாகமெடுத்தா?"

"என் வண்டியில இருக்கு. நிறுத்துப் பாத்தப்பவே தொட்டி நிரம்பித்தான் இருந்துச்சு. கையக் காட்டினா நிறுத்தறேன்."

லவோன் தொட்டிக் குழாயைத் திறந்தார். இரண்டு கேலனை மணல் குடித்து முடிக்கும்வரை அவர்கள் நின்றார்கள். ஏழு மணிக்கு லவோனின் வண்டி முன்னால் போயிற்று, ஆரினின் வண்டி பின்னால். குவார்ட்ஸைட்டைத் தாண்டுவதற்குள் முன்வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடுவது தெரிந்தது.