பீச்சாங்கைப் பக்கம்

என் அத்தான் தேவஆசீர்வாதம் தன் ஆயுசில் எதையும் தானாகத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. நூல் மில்லில் வேலையை அவருடைய சித்தப்பா வாங்கிக் கொடுத்தார். பெண்ணைப் பெரியம்மா பார்த்தாள். பெண் என் அக்கா இஞ்ஞாசியம்மாள். நாங்கள் ஆர்.சி., அவர்கள் சி.எஸ்.ஐ.; எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மல்லுக்கட்டினார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அதையும் அக்காதான் முடிவு பண்ணினாள். ஓட்டலுக்குப் போனால் பக்கத்து இலையைப் பார்த்து "அதே மாதிரி ஒண்ணு" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் தலையில்தான், அறுபது வயதில், பாத்ரூம் கட்ட ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து விழுந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மகள் ஜெபராணி தூத்துக்குடிக்குத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, கம்பை ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. கை வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டாள். நாலு வாய் அள்ளி வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். கருவாட்டுக் குழம்பு இருந்தால் கம்பஞ்சோற்றைக் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டவள் என் அக்கா. டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அவளைக் கேட்டால் ஒரே பதில்தான்.

"என்னைய என் வீட்டுல கொண்டு விடுங்க."

அக்காவின் கோவில்பட்டி வீட்டில் கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருந்தது. குத்தவைத்து உட்காருகிற கக்கூஸ், அதுவும் இரண்டு படி ஏறி. எங்கள் கரிசல் மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. கோடையில் கொல்லையில் குதிகால் போகிற அளவுக்கு வெடிக்கும். ஒரு மழை பெய்தால் காலை எடுக்கலாம், செருப்பை எடுக்க முடியாது. கம்பை ஊன்றி நடக்கிறவள் அதில் எப்படிப் போவாள்? வீட்டுக்குள்ளே பாத்ரூம் கட்டாமல் அம்மாவை அனுப்ப மாட்டேன் என்று ஜெபராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"மேஸ்திரி கீஸ்திரின்னு இழுத்தடிக்காம நல்ல கம்பெனியாப் பாத்துக் குடுங்கப்பா" என்றாள் போனில்.

அத்தான் என்னிடம் வந்தார். நான் மினி பஸ் டிரைவர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அன்றைக்குக் கால் நீட்டிப் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"மாப்ள, வீட்டுக்கு வந்துட்டா சாப்பிட்டிருவா. மக வீட்டுல அவளுக்கு எறங்கல. வேற ஒண்ணும் இல்ல."

அதற்குமேல் எப்படிப் படுத்திருப்பது? கிளம்பினேன். அதோடு என் ஓய்வு நாளெல்லாம் டைல்ஸ் கடையில் போயிற்று.

எங்கள் ஊரில் கம்பெனி என்றால் தீப்பெட்டிக் கம்பெனிதான். வீட்டுக்குக் கம்பெனிக்காரர் வருகிறார் என்று அத்தான் சொன்னதும், எதிர்வீட்டுச் சொர்ணத்தாய், "பெட்டி ஒட்டக் குடுக்காவளாண்ணாச்சி? எனக்கும் சொல்லி விடுங்க" என்றாள். பாத்ரூம் கட்டுவதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது என்பதை அவளுக்குப் புரியவைக்கவே ஒரு காலைப்பொழுது ஆனது.

முதலில் வந்தது மதுரைக் கம்பெனி. பெரிய ஆல்பம் ஒன்றை விரித்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரி நுரைக்குள் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பைபிளை மூடுகிற வேகத்தில் அதை மூடினார்.

"குளிக்கிற தொட்டி எந்தக் கலர்ல வேணும் சார்?" என்றான் வந்தவன். அத்தான் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இங்கன எட்டு நாளைக்கு ஒருக்க, பத்து நாளைக்கு ஒருக்கத் தண்ணி வருது" என்றேன். "அந்தத் தொட்டிய நெறைச்சோம்னா தெருவே கொடத்தத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கும். ஆல்பத்த எடுத்துட்டுக் கெளம்புங்க."

அடுத்தது உள்ளூர்க் கம்பெனி. கம்பெனி என்றால் போர்டில்தான். உள்ளே சாமித்துரை ஒருத்தர்தான். வந்தார், காப்பி குடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், "நாளைக்கு ஆள விட்டுருதேன்" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம், கல்யாண வீட்டில் பார்த்தோம், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூடப் பார்த்தோம். எங்கே பார்த்தாலும் "நாளைக்கு". எங்களுக்கு அவரைப் பார்த்தாலே அசதி வந்தது. எதிரே வந்தால் நாங்கள்தான் சந்துக்குள் ஒதுங்கினோம். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன், கக்கூஸை மாற்றிப் பார் என்று சொல்லாமல் போய்விட்டான்.

இதற்கு நடுவில் அத்தான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவைக் கூப்பிடுவார். "இஞ்ஞாசி, டைல்ஸ் வெள்ளையா, ரோஸா?" என்பார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, வாடிப்போய் வெளியே வருவார்.

"என்ன அத்தான் சொன்னா?"

"எதையாவது போடுங்கங்கா. அவ அப்பிடிச் சொல்லுதவளா மாப்ள? ஒரு சட்டைத் துணிக்கு மூணு கட ஏறி எறங்குதவ. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போன தடவை பார்த்தபோது அக்காவின் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

மூன்றாவதாகத் திருநெல்வேலிக் கம்பெனி. கிருஷ்ணகுமார் என்று ஒரு இளவட்டம் டேப்பை இழுத்துக்கொண்டு வந்தான். ஆல்பம் எடுக்கவில்லை. "யாரு பொழங்கப் போறாவ?" என்று முதலில் கேட்டான். அத்தான் சொன்னார். எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு உயரம் என்று கேட்டு ஒரு படம் போட்டான். படுக்கை அறையை ஒட்டியே பாத்ரூம், நாற்காலி மாதிரி உட்காருகிற கோப்பை, எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி, கழுவுவதற்குக் கையில் பிடிக்கிற பீச்சுக் குழாய், மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ஈஸ்டருக்குள் முடித்துத் தருகிறேன் என்றான். அத்தான் என்னைப் பார்த்தார். "சரின்னு சொல்லுங்களேன் அத்தான்!" என்று கத்தியே விட்டேன். சரி என்றார். கம்பெனியைத் தேர்ந்தெடுத்த கதை இவ்வளவுதான்.

வேலை நடந்த நாளெல்லாம் அத்தான் சிமெண்டுத் தூசிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குழாய் பொருத்த வந்த அன்று நானும் இருந்தேன். கிருஷ்ணகுமார் வரவில்லை, வேலைக்காரர்கள் மட்டும். பிளம்பர் கோப்பைக்கு வலது பக்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டான். அத்தான் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"ஏம்ப்பா, எதுக்கு அங்கன கோடு போடுத?"

"பீச்சுக் குழாய்க்குய்யா. படத்துல இந்தப் பக்கந்தான் போட்டிருக்கு."

"படம் கெடக்கட்டும். கழுவுத கொழாய சோத்தாங்கைப் பக்கம் எவனாவது வைப்பானா? பீச்சாங்கைப் பக்கம் வையி. கைப்பிடி சோத்தாங்கைப் பக்கம் இருக்கட்டும், பிடிச்சு எந்திரிக்க. இதுகூடத் தெரியாமலா படம் போடுதீங்க?"

பிளம்பரும் யோசித்துப் பார்த்து, "நீங்க சொல்லுததுதான்யா முறை" என்று கோட்டை அழித்தான். எனக்கும் அது முறையாகத்தான் பட்டது. எங்கள் யாருக்கும் வேறு மாதிரி நினைக்கவே தெரியாது. சோறு ஒரு கை, கழுவுவது ஒரு கை என்று வளர்ந்தவர்கள். அன்றைக்கு டீக்கடையில் அத்தான் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்குச் சுக்குக் காப்பி" என்று தானாகவே சொன்னார். பரவாயில்லையே, மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஜெபராணி காரில் அம்மாவைக் கொண்டு வந்து இறக்கினாள். அக்கா பாதியாக இருந்தாள். வாசலில் நின்று வீட்டை ஒரு பார்வை பார்த்தாள், சிரித்தாள். அத்தான் அவளை நேராகப் பாத்ரூமுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். ரோஸ் டைல்ஸைக் காட்டினார், விளக்கைப் போட்டுக் காட்டினார், கைப்பிடியை ஆட்டிக் காட்டினார்.

"இது எல்லாமே அந்தத் தம்பி போட்டது. கொழா மட்டும் நான் சொன்ன எடம்" என்றார்.

அக்கா இடது பக்கச் சுவரில் தொங்கிய குழாயைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஜெபராணி சாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். எல்லோரும் அக்காவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எங்களுக்காக வேண்டியே சோற்றைப் பிசைந்தாள். நாலு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளினாள்.

அத்தான் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார். "வீட்டுக்கு வந்தா சாப்பிடுவேன்னுதான நாயா அலைஞ்சேன்? இன்னும் என்னட்டி வேணும் ஒனக்கு? இப்பிடிப் பட்டினி கெடந்து சாகுததுக்கா வந்த? வாயத் தெறந்து சொல்லேன்!"

ஜெபராணி அழுதுவிட்டாள். அக்கா குழம்பு ஒட்டியிருந்த வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கு இருக்குது இந்த ஒத்தக் கை. கழுவுததும் இதுதான், திங்குததும் இதுதான். எத்தன சோப்புப் போட்டா என்ன? வாய்கிட்ட கொண்டு போனா கொமட்டுது. மக கழுவிவிட வந்தா. வேண்டாம்னுட்டேன், எனக்கு மானம் இல்லியா? சாப்பிடாட்டா கக்கூஸுக்குப் போக வேண்டாம்லா. அதான் கொறச்சேன்."

"ஸ்பூன் வச்சு..." என்று நான்தான் இழுத்தேன்.

"ஸ்பூனு எந்தக் கையில பிடிக்க?" என்றாள்.

அப்போதுதான் அத்தானுக்குக் குழாய் நினைவு வந்தது. முகம் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அய்யோ, பீச்சாங்கைப் பக்கம்லா வைக்கச் சொன்னேன்... அந்தக் கைதான் இல்லியே... நான் ஒரு மடையன். இப்பவே போன் போடுதேன் இஞ்ஞாசி. டைல்ஸ ஒடைச்சாவது மாத்திருவோம்."

"கொழாய மாத்துனா எனக்குக் கை மாறிருமாய்யா?" என்றாள் அக்கா. கோபமே இல்லை அதில். அலுப்புத்தான் இருந்தது.

அத்தான் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போனார். போன் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் தள்ளிவிட்ட தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அந்தக் கை இனிமே அந்த வேலைக்கே இருக்கட்டும்" என்றார். "சோத்துக்கு என் கை."

"தம்பி இருக்கான். பிள்ள இருக்கா..."

"இருக்கட்டும்."

பிசைந்து, உருட்டி, நீட்டினார். யாருக்கும் ஊட்டிப் பழகாத கை. உருண்டை பெரிதாக இருந்தது. அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"ஆனைக்கா கவளம் குடுக்கீங்க?"

அவர் பாதியைத் தட்டில் போட்டுவிட்டு மீதியை நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள். முள்ளைப் பார்த்து எடுங்க என்றாள், குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்க என்றாள், அவசரப்படாதீங்க என்றாள். அவள் சொன்னதையெல்லாம் அத்தான் செய்தார். தட்டு வழித்து முடிந்தது. அவர் எழுந்திருக்கப் போனபோது அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"சட்டியில இன்னும் சோறு கெடக்கா?" என்று கேட்டாள்.