ஒன்பதாவது த்ரெட்

முப்பது தைவான் டாலர். ஒரு மனிதனின் உயிருக்கு இதுதான் விலை என்றால் யாராவது பேரம் பேசுவார்களா? சிஞ்சு ஊரில், எங்கள் அலுவலகத்தில், என் கண்ணெதிரே நடந்தது இது. நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

முப்பது டாலருக்கு ஒரு பச்சைப் பொட்டலம் சோளப்பொரி கிடைக்கும். எந்திரம் அடங்கி நடக்க, அதைச் சர்வர் கணினியின் தலையில் வைப்போம். யாரும் எடுத்துத் தின்னக் கூடாது. அன்று சாப்பாட்டைத் தவறவிட்ட எங்கள் சீனியர் ஹாவ்ரன் அண்ணன் தின்றார்.

"அண்ணே, சாமி சோத்துல கைய வச்சிட்டீங்களே!" என்றேன்.

"அதுக்கு வாயா இருக்கு? நாளைக்கு வேற வாங்கி வச்சாப் போச்சு. உன் வேலையப் பாருடா, குண்டா."

மதியம் 12:30. விளக்குகள் அணைந்தன. மேசையில் தலை கவிழ்த்து எல்லோரும் தூங்கும் நேரம். அந்த ஒரு மணி நேரம் யாரையும் எழுப்பமாட்டோம். எழுப்பினால் மரியாதை போய்விடும்.

நான் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். அந்தச் சர்வரில் ஓடி, திரையில் படம் வரையவேண்டிய எங்கள் கிராபிக்ஸ் டிரைவர் நிரல் உறைந்து நின்றது. 'நிறுத்து' என்று சிக்னல் அனுப்பினேன். நிற்கவில்லை.

டிரைவருக்குள் எட்டு த்ரெட்கள், எட்டு எடுபிடிகள் போல. வெளியிலிருந்து வரும் சிக்னல் கேட்காதபடி எட்டின் காதையும் அடைத்துவிடுவோம். முதலாளி த்ரெட் மட்டும் கேட்கும். ஆனால் எடுபிடிகளை எண்ணினால்... ஒன்பது.

ஒன்பதாவதற்குப் பெயர் இல்லை. காது திறந்திருந்தது. என் சிக்னலை அதுதான் விழுங்கியிருக்கிறது.

மறுபடி அனுப்பினேன்.

'டக்.'

பக்கத்து மேசையில் ஹாவ்ரன் அண்ணனின் தோள் துள்ளியது.

தற்செயல் என்று நினைத்தேன். இன்னொரு முறை...

'டக்.'

"அண்ணே..." என்று கிசுகிசுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஷ்ஷ்! தூங்க விடுய்யா."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

காதை அடைத்தாலும் தடுக்க முடியாத சிக்னல் ஒன்று உண்டு. 'கொல்.' அதைத் தட்டச்சு செய்தேன். அனுப்பவேண்டிய பொத்தான்மேல் விரல்... தோளைப் பார்த்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

அழுத்தவே இல்லை. சத்தியம்.

திரையில் தானாக வந்தது.

'கொல்லப்பட்டது.'

தோள் அடங்கியது.

1:30. விளக்குகள் எரிந்தன. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

ஒன்று நிமிரவில்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். உயிர் போனது விளக்கணைந்த உடனேயாம். அப்படியானால், என் சிக்னலுக்குத் துள்ளியது...?

மறுநாள் பச்சைப் பொட்டலத்தை நானே வாங்கி வைத்தேன். அந்தக் கணக்கு தீர்ந்தது. சர்வரின் பதிவேட்டில் இது மட்டும் இன்னும் நேராகவில்லை: தொடங்கிய த்ரெட்கள் எட்டு, முடிந்தவை ஒன்பது.