சுத்திகரிச்ச தண்ணி

“ஏ மதினி, ஒம் மக சாக்கடைய மோந்து பாத்தா ஆறு சுத்தமாயிருமாக்கும்?”

பக்கத்து வீட்டு அத்தை என் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இருவரும் ஒரே பட்டாசு கம்பெனியில் திரி சொருகுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வேதியியல் படித்து, நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதகராகச் சேர்ந்திருந்தேன். எனக்கு அதில் பெருமைதான். அம்மாவுக்கு என்னைவிட.

“ஆகும் மதினி. பாக்கத்தான போற” என்றாள்.

பாதாளச் சாக்கடையில் வரும் நீரைத் தொட்டியில் நிறுத்திக் காற்றை ஊதுவோம். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். தெளிந்ததை ஆற்றில் விடுவோம். அந்தக் குழாயின் வாயில் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிப்பது என் வேலை. முடிவு நன்றாகவே வரும். ஆனால் பல தெருக்களுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை. அவற்றின் வாறுகால், திறந்த சாக்கடை, எங்கள் குழாய்க்குச் சற்றுக் கீழே கறுப்பாக ஆற்றில் விழுகிறது. எங்கள் தெளிந்த நீர் அதில் கலந்து காணாமல் போகும். எங்கள் ஊர் அதற்கும் கீழே இருக்கிறது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ‘சுத்திகரிக்கப்பட்ட’ என்ற சொல்லை, கேன் தண்ணீர் வண்டியின் ஒலிபெருக்கியில் தினமும் கேட்டு அறிந்தவள். மகள் வேலை செய்யும் இடத்துக்கும் அதே பெயர். ஆற்றில் இப்போது கேன் தண்ணீர்தான் ஓடுகிறது என்று தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். அது எனக்குத் தெரியாது.

சில மாதங்களில் ஊர் மாரியம்மன் கோவில் பொங்கல் திருவிழா வந்தது. ஆறு கெட்ட பிறகு முளைப்பாரியை மேல்நிலைத் தொட்டிக்கு அருகே ஒரு சிமெண்டுத் தொட்டியில்தான் கரைத்து வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அம்மா சொன்னாள்: “இந்த வருசம் ஆத்துலதான். எல்லாரும் எறங்கி முங்கிட்டு வரப் போறோம்.”

“வேண்டாம்மா. நாங்க விடுற தண்ணியே குளிக்க ஆகாது. அதுல வாறுகால் வேற வந்து விழுது.”

“சுத்திகரிச்சதுதானடி?”

“ஆத்துல விடுற அளவுக்குத்தாம்மா. கேன் தண்ணி மாதிரி இல்ல.”

வாசலில் நின்ற அத்தை சிரித்தாள். “அப்பறம் எதுக்கு மதினி அம்புட்டுப் பீத்துன?”

மறுநாள் பெண்கள் சிமெண்டுத் தொட்டிக்கே போனார்கள். அம்மா கடைசியாக நடந்தாள். அந்தச் சின்னத் தொட்டியில் முளைப்பாரி கரையவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. தன்னுடையதையும் அதன்மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பினாள்.

அதன் பிறகு யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், “டவுன்ல வேலை பாக்குறா” என்பாள். அவ்வளவுதான். பிள்ளை படித்து வந்த வேலையைப் பெயர் சொல்லிப் பேச அவளுக்கு வாய்த்தது சில மாதங்கள்தான்.

பொங்கல் முடிந்து வேலைக்குப் போன அன்று, வாறுகால் விழும் இடத்திலும் ஒரு பாட்டில் பிடித்தேன். “அங்கன எடுக்க யாரும்மா சொன்னா? அது நம்ம வேலை இல்ல” என்றார் பொறியாளர். எடுத்துச் சோதித்தேன். குழாய் வாயில் எடுத்ததையும் இதையும் தூக்கிக்கொண்டு, விடுப்புப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் நின்றேன். வாறுகால் விடும் அந்தத் தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கேட்டு, என் பெயரையும் வேலையையும் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.