தவுகே பானைக்கு வெயில் காட்டினவன்

மலாக்கா முழுக்க மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம், என் பெண்டாட்டி பஸ் ஏறி ரப்பர் எஸ்டேட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். லாரிக் கிளீனர், முடிவெட்டும் கடையில் எடுபிடி, படகுத்துறையில் மூட்டை தூக்குபவன் என்று எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. உட்கார்ந்தால் எனக்கு எறும்பு கடிக்கும்.

"ஒரே வேலையில ஒட்டியிருக்கீங்களான்னு ஞாயித்துக்கிழம வந்து பாப்பேன். இல்லன்னா எஸ்டேட்டுலயே பால்மரம் வெட்டப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்த நேரம் பார்த்து, தெங்கேராவில் மீ நூடுல்ஸ் விற்கும் சீனக் கிழவருக்குத் தவுகே கொடுத்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். தவுகே என்றால் பச்சைப்பயறு முளைதானே! நான் தருகிறேன் என்று துள்ளினேன்.

"வெள்ளையா, குண்டா இருக்கணும் தம்பி" என்றார் கிழவர் மலாயில். "ஞாயித்துக்கிழம கொண்டா. நல்லா இருந்தா தினமும் நீதான்."

மூடி வை, மேலே கனம் வை என்றெல்லாம் சொன்னார். 'தினமும்' என்று கேட்டதோடு என் காது வேலையை முடித்துக்கொண்டது.

ஊறிய பயறு ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். தோல் சட்டை மாதிரிக் கழன்றது. உள்ளே இரண்டு பருப்பும் கும்பிட்ட கை மாதிரி ஒட்டியிருந்தன. பிரித்தால் ஓரத்தில் ஒரு குட்டி வால். அதன் தலைமாட்டில் மடித்து வைத்த இரண்டு இலை, மூக்குப்பொடி அளவுக்கு. மண்ணையே பார்க்காத பயறுக்குள் இலை ஏற்கனவே தயார்! பருப்பு இரண்டும் அதற்குக் கட்டுச்சோறு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கு அதிசயம் தாங்கவில்லை. அதிசயப்பட்டே ஒரு கைப்பிடிப் பயறைக் கொன்றேன்.

மிச்சத்தை ஓட்டைப் பானையில் போட்டு ஈரச்சாக்கால் மூடி, சாக்கு பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தேன். மூடினவன் சும்மா இருந்தேனா? திறந்தேன். முதலில் வால்தான் தோலைக் கிழித்துக்கொண்டு வேராக வந்தது. மூடினேன். திரும்பவும் திறந்தேன். செடி என்றால் வெயில் வேண்டாமா என்று தோன்றியது. பானையை வாசலில் வைத்தேன். மழை தூறினால் உள்ளே, விட்டால் வெளியே. பாவம், மூச்சு முட்டுமே என்று மேலிருந்த கல்லையும் எடுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடையோடு போய் நின்றேன். கிழவர் ஒன்றைக் கடித்துத் துப்பினார்.

"இது என்னா, புல்லா? கசக்குது. ஆட்டுக்குப் போடு!"

"வெயில் காட்டினேன் அப்பே" என்று சீனத்தில் பெரியப்பா முறை வைத்தேன்.

"பொடோ! முட்டாள்! இருட்டுல கிடந்தாத்தான் வெளிச்சத்தத் தேடி நீளும். வெளிச்சம் கிடைச்சாச்சுன்னா எதுக்கு நீளணும்? பச்ச பிடிச்சு, இலை விரிச்சு நின்னுடும். வியாழக்கிழம இன்னொரு தடவ கொண்டா. அதுவும் இப்படின்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

காஜா பேராங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் என் பெண்டாட்டி. கையில் துணிமூட்டை இல்லை. பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள்.

கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "எத்தன வாட்டி திறந்தீங்க?"

"எண்ணல."

"எண்ணத் தெரிஞ்சாத்தானே!"

பயறை ஊற வைத்தாள். பானையை அடுப்படி இருட்டில் தள்ளி, சாக்குக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே அம்மிக்குழவி.

"வியாழக்கிழம வரைக்கும் இருக்கேன். தண்ணி கொண்டாறது நீங்க, ஊத்துறது நான். பானையத் தொட்டீங்க, அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்."

அந்த நாட்களில் நான் நடந்த நடைக்குச் சிங்கப்பூருக்கே போயிருக்கலாம். தெருக் குழாய்க்கும் வீட்டுக்கும் வாளியோடு அலைந்தேன். பானைக்குத் தேவையில்லாத தண்ணீரிலெல்லாம் நான் குளித்தேன். அடுப்படிப் பக்கம் தலை திரும்பினாலே உள்ளிருந்து ஒரு இருமல் வரும். பானை இருமாது.

வியாழக்கிழமை அவளே திறந்தாள். குழவிக்கு அடியில் நெருக்கிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, கொழுத்துக் கிடந்தன. நான் கையை நீட்டுவதற்குள் கூடையில் அள்ளி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டாள்.

"வழியில திறந்து பாக்காதீங்க."

தெங்கேராவில் கிழவர் கடித்தார். மென்றார். துப்பவில்லை. "வாரா வாரம் இல்ல தம்பி, தினமும் வேணும். ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஓடிவந்து சொன்னேன். அவள் அடுத்த பயறைக் களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அப்ப பஸ் ஏறுங்க. எங்கம்மா வீட்டுல என் துணியெல்லாம் கிடக்கு, எடுத்துட்டு வாங்க. இங்க உங்களாலதான் சும்மா உக்கார முடியாதே!"