காயம் காட்டிய பேய்

எண்பதுகளின் நடுவில் குருநகரில் மறைக்கல்வி படிப்பித்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பேய்ப் படம் போட்டோம். செத்துப்போன சிறுவன் திரும்பி வருகிறான். கூட்டாளிகள் பயந்து ஓடுகிறார்கள். கையிலுள்ள காயத்தைக் காட்டிய பிறகுதான் அவனை நம்புகிறார்கள்.

"உயிர்த்த ஆண்டவரும் நம்பாத சீடர் தோமையாருக்குக் காயத்தைத்தானே காட்டினவர்?" என்று உற்சாகமாகக் கேட்டேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். கடலுக்குப் போன அவளுடைய தகப்பன் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கடற்படையின் சூட்டுத் துளைகளோடு கரையொதுங்கியிருந்தது.

"ரீச்சர், எங்கடை அப்பா காயத்தோடை வந்தாலும் நான் பயப்பிடமாட்டன். வருவார்தானே?"

அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பாடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.